யாரும் விஷம் வைக்கவில்லை



மூன்று வாரத்துக்கு முன்னால் இங்கே ஒரு பதிவு போட்டிருந்தேன். எங்கள் வீட்டுப் பூனைக்குட்டி கருப்பியை யாரோ விஷம் வைத்துக் கொன்றுவிட்டார்கள் என்று எழுதியிருந்தேன். உங்களில் பலர் ஆறுதல் சொன்னீர்கள். சிலர் கோபத்தில் சாபமே விட்டீர்கள். நாலைந்து பேர் அதைப் பகிரவும் செய்தீர்கள்.

அந்தப் பதிவில் நான் எழுதியது தவறு. அதை எடுத்துவிட்டேன். ஆனால் எடுத்தால் மட்டும் போதாது. பரீட்சைத் தாளில் தப்பான விடையை அடித்துவிட்டால் மார்க் வராது, சரியான விடையையும் எழுத வேண்டும் என்று உங்களிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! அதனால் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள். வீட்டில் பூனை வைத்திருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள்.

எங்கள் சுந்தரியைப் பலருக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் ஐப்பசி மழையில் பின்வாசலில் வந்து ஒண்டிய தெருப்பூனை. அப்படியே தங்கிவிட்டது. இந்த முறை நான்கு குட்டி போட்டது. அதில் ஒன்றை இரண்டு மாதம் ஆனதும் என்னிடம் படித்த ஒரு பையன் வந்து வாங்கிக்கொண்டு போனான். இன்னொன்றை அதற்குப் பதினைந்து நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை, தூத்துக்குடியில் இருக்கும் என் சித்தி மகள் எடுத்துப் போனாள். மிச்சம் இருந்தவை கருப்பியும் முத்துவும்.

அடுத்த வியாழக்கிழமை காலையில் கருப்பி தண்ணீர்க் கிண்ணத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது. தலையைக் கிண்ணத்தின் மேல் தொங்கப் போட்டிருக்கிறது, ஆனால் குடிக்கவில்லை. முந்தின நாள் ராத்திரிவரை திரைச்சீலையில் ஏறி அட்டகாசம் செய்த குட்டி. பல்லியைத் தின்றிருக்கும், மதியத்துக்குள் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். மதியம் மஞ்சளாக நுரை நுரையாக வாந்தி எடுத்தது. சாயங்காலம் வயிற்றுப்போக்கு. உடம்பு முதலில் கொதித்தது, ராத்திரி காதெல்லாம் சில்லிட்டுப் போனது. வெள்ளிக்கிழமை விடியற்காலையில் என் பழைய சேலைக்குள்ளேயே போய்விட்டது. இருபத்துநாலு மணி நேரம்கூட ஆகவில்லை.

நல்லா இருந்த குட்டி ஒரே நாளில் வாயில் நுரை தள்ளிச் செத்தால் யாருக்கும் என்ன தோன்றும்? எனக்கும் அதுதான் தோன்றியது. அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் எனக்கும் ஒரு வாக்குவாதம். சுந்தரி அவர்கள் அடுக்களைக்குள் போய்க் காய்ச்சி வைத்த பாலை உருட்டிவிட்டது. "இனிமே இது உள்ள வந்துச்சுன்னா நான் என்ன செய்வேன்னு எனக்கே தெரியாது டீச்சர்" என்று அவர் கோபமாகச் சொன்னார். அந்த வாரம் அவர் மகன் கடையிலிருந்து எலி மருந்து வாங்கி வந்ததை நான் என் கண்ணால் பார்த்திருந்தேன். இரண்டையும் கூட்டினேன். விடை கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். அன்று ராத்திரியே பதிவைப் போட்டுவிட்டேன். பெயர் எழுதவில்லைதான். ஆனால் "சுவருக்கு அந்தப் பக்கம்" என்று எழுதினால் எங்கள் தெருவில் யாருக்குப் புரியாது?

32 வருடம் அறிவியல் பாடம் நடத்தியவள் நான். கவனி, சந்தேகப்படு, சோதித்துப் பார், அதற்கப்புறம் முடிவு சொல் என்று கரும்பலகையில் வருடா வருடம் எழுதிப் போட்டவள். சோதனையே இல்லாமல் நேராக முடிவுக்குப் போய்விட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் தூத்துக்குடியிலிருந்து தங்கச்சி போன் பண்ணினாள். "அக்கா, உன் பதிவைப் பார்த்தேன். சொன்னா வருத்தப்படுவேன்னு சொல்லாம இருந்தேன். இங்கயும் குட்டி நேத்து செத்துப்போச்சு. அதே மாதிரிதான், வாந்தி, பேதி. பஸ்ஸில வந்தது ஒத்துக்கலைபோலன்னு நினைச்சேன். ஆனா இங்க யாருக்கா விஷம் வைப்பா? நாங்க மாடியில இருக்கோம், குட்டி வெளியவே போகலையே."

போனை வைத்ததும் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, அதே நாளில், அதே அறிகுறிகளுடன் அதே ஈற்றில் பிறந்த குட்டி. எங்கள் பக்கத்து வீட்டு எலி மருந்து தூத்துக்குடி வரைக்கும் போகாது.

அன்று ராத்திரி முத்து சாப்பாட்டைத் தொடவில்லை.

ஞாயிறு காலை என் பழைய மாணவன் ஒருவனுக்குப் போன் செய்தேன். கால்நடை மருத்துவர். விடுமுறை நாளிலும் எனக்காகக் கிளினிக்கைத் திறந்தான். முத்துவின் மலத்தைப் பஞ்சில் எடுத்து, நாய்களுக்குப் பார்வோ வைரஸ் பார்க்கும் சின்னப் பட்டையில் சோதித்தான். பத்து நிமிடத்தில் இரண்டு கோடு வந்தது. ரத்தமும் எடுத்தான். ஆரோக்கியமான பூனையின் ரத்தத்தில் ஒரு கன மில்லிமீட்டருக்குக் குறைந்தது ஐயாயிரம் வெள்ளை அணுக்களாவது இருக்கும். முத்துவுக்கு ஆயிரத்தைக்கூடத் தொடவில்லை.

"இது பேன்லூக்கோபீனியா டீச்சர்," என்றான். பேன் என்றால் எல்லாம். லூக்கோ என்றால் வெள்ளை. பீனியா என்றால் பற்றாக்குறை. வெள்ளை அணுக்கள் எல்லாமே வற்றிப்போகிற நோய். இந்த வைரஸ் வேகமாகப் பெருகும் செல்களைத் தேடிப் பிடிக்கும். உடம்பில் அப்படிப்பட்ட செல்கள் எங்கே இருக்கின்றன? எலும்பு மஜ்ஜையில், குடலின் உள்சுவரில். மஜ்ஜை கெட்டால் எதிர்ப்புச் சக்தி போய்விடும். குடல் சுவர் உரிந்தால் வாந்தியும் பேதியும் வந்து உடம்பில் நீர் வற்றிவிடும், குடலில் இருக்கும் பாக்டீரியா ரத்தத்தில் புகும். ஒரே நாளில் குட்டி சாவது இதனால்தான். கிண்ணத்தின் முன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்காருவது இந்த நோயில் அடிக்கடி பார்க்கும் அடையாளமாம். தாகம் இருக்கும், குடிக்க முடியாது.

"நிறையப் பேர் விஷம் வச்சுட்டாங்கன்னுதான் டீச்சர் தூக்கிட்டு வருவாங்க" என்று அவன் சொன்னபோது நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவனும் என் பதிவைப் படித்திருந்தான். அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் வேறொன்று கேட்டான்.

"தடுப்பூசி போட்டீங்களா டீச்சர்?"

"வீட்டுக்குள்ளேயே இருக்கிற குட்டிதானேய்யா…"

கொஞ்ச நேரம் பேசாமல் ஊசியைத் தயார் செய்தான். அப்புறம் மெதுவாகச் சொன்னான். "எட்வர்ட் ஜென்னர் கதையை எங்களுக்கு நீங்கதான் டீச்சர் சொன்னீங்க. பால் கறக்கிற பொண்ணு, பசு அம்மை, எட்டு வயசுப் பையன், 1796. எனக்கு இன்னும் மறக்கலை."

அவன் குத்திக் காட்டவில்லை. ஆனாலும் குத்தியது.

தாய்ப்பூனைக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று கேட்டேன். தெருவில் வளர்ந்ததால் சுந்தரி எப்போதோ இந்த வைரஸைச் சந்தித்துப் பிழைத்திருக்கலாம், அப்படிப் பிழைத்த பூனைக்கு எதிர்ப்புச் சக்தி நீண்ட காலம் நிற்கும் என்றான். அந்த எதிர்ப்பொருள்கள் சீம்பால் வழியாகக் குட்டிகளுக்கும் போகும். ஆனால் அது கடன் வாங்கிய சொத்து. இரண்டு மூன்று மாதத்தில் தீர்ந்துபோகும். தாய் கொடுத்தது தீர்ந்து, தடுப்பூசியும் போடாத அந்த இடைவெளியில் வைரஸ் புகுந்தால் குட்டிக்குக் காப்பே கிடையாது. என் குட்டிகள் சரியாக அந்த வயதில் இருந்தன. சீம்பாலைப் பற்றி எத்தனை வகுப்புகளில் பேசியிருக்கிறேன்! என் வீட்டு அடுக்களையில் அது நடந்துகொண்டிருந்தபோது எனக்குத் தெரியவில்லை.

எங்கிருந்து வந்தது? பின்வாசலில் தெருப்பூனைகளுக்கு நான் சோறு வைக்கும் தட்டைக் கழுவி, அதிலேயே குட்டிகளுக்கும் வைப்பேன். "அந்தத் தட்டு போதும் டீச்சர். இல்லேன்னா உங்க செருப்பு போதும்" என்றான்.

ஐந்து நாள் காலையும் மாலையும் முத்துவுக்குக் குளுக்கோஸ் ஏற்றினோம். இந்த வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. நீர்ச்சத்து, வாந்தி நிற்க மருந்து, பாக்டீரியா தாக்காமல் இருக்க ஆன்டிபயாட்டிக், கதகதப்பு இவற்றைக் கொடுத்து, மஜ்ஜை மறுபடி வேலை செய்யும்வரை உயிரைப் பிடித்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். ஆறாம் நாள் வேகவைத்த சாளை மீனில் ஒரு துண்டைத் தின்றது. இப்போது எலும்பும் தோலுமாக இருக்கிறது, ஆனால் இருக்கிறது.

முதல் குட்டியை வாங்கிப்போன பையன் மறுநாளே அதற்குத் தடுப்பூசி போட்டிருக்கிறான். அது நன்றாக இருக்கிறது. ஆனால் தடுப்பூசியால்தான் அது பிழைத்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஏனென்றால் எங்கள் வீட்டுக்கு நோய் வருவதற்கு முன்பே அது போய்விட்டது. ஒரு சோதனையில் ஒரு மாற்றம்தான் இருக்க வேண்டும், இங்கே இரண்டு இருக்கிறது. ஒரு தடவை அவசரப்பட்டது போதும், இதிலாவது ஒழுங்காக யோசிக்கிறேன்.

அந்த ஐந்து நாளும் கிளினிக்கில் உட்கார்ந்து அவனிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், பிறகு படித்ததையும் சொல்கிறேன். பூனைக்கு வைரஸ் நோய் என்பது எங்கோ ஒன்றுக்கு வரும் அபூர்வம் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை.

பூனைச் சளி என்று நாம் சொல்வதில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டு வைரஸ்கள்தான் காரணம். ஒன்று ஹெர்பிஸ், இன்னொன்று கேலிசி. தும்மல், கண்ணில் பீளை, கேலிசி என்றால் நாக்கில் புண். ஹெர்பிஸ் ஒரு முறை வந்தால் பத்தில் எட்டுப் பூனைக்கு அது நரம்புக்குள் ஒளிந்து ஆயுள் முழுக்கத் தங்கிவிடும். நமக்குச் சின்ன வயதில் வந்த சின்னம்மை வைரஸ் உடம்பில் பதுங்கியிருந்து வயதான பிறகு அக்கியாக வருகிறதே, அதே குடும்பம்தான். வீட்டுக்கு வெள்ளையடித்தபோதும், பேரப்பிள்ளைகள் வந்து வீடு அமளியானபோதும் சுந்தரிக்கு ஒரு கண் மட்டும் நீர் வடியும். சுண்ணாம்புத் தூசி என்று நினைத்திருந்தேன். பயமும் அலைச்சலும் வந்தால் ஒளிந்திருக்கும் ஹெர்பிஸ் வெளியே வரும் என்று இப்போது தெரிகிறது.

பூனைகளுக்கு ஒரு கொரோனாவும் உண்டு. பயப்படாதீர்கள், நம்மைப் படுத்திய கோவிட் வேறு, இது வேறு. நிறையப் பூனைகளை ஒன்றாக வளர்க்கும் இடங்களில் நூற்றுக்கு எண்பது, தொண்ணூறு பூனைகளுக்குக்கூட இது வந்து போயிருக்கும். பெரும்பாலும் லேசான வயிற்றுப்போக்கோடு சரி. ஆனால் பத்தில் ஒன்றுக்கும் குறைவான பூனைகளில் அது உடம்புக்குள்ளேயே உருமாறி, வயிற்றில் நீர் கோத்து ஆளையே சாய்த்துவிடும். எஃப்.ஐ.பி என்பார்கள். அமெரிக்காவில் 1963-இல் முதலில் விவரித்த நாளிலிருந்து கிட்டத்தட்ட மரண தண்டனையாகவே இருந்தது. இப்போது நிலைமை மாறிவிட்டது. கோவிட் காலத்தில் கேள்விப்பட்டோமே ரெம்டெசிவிர், அதற்கு மிக நெருங்கிய ஒரு மருந்தால் பெரும்பாலான பூனைகள் பிழைக்கின்றன. 2023-இல் சைப்ரஸ் தீவில் இந்த நோய் பரவி ஏராளமான பூனைகள் செத்தபோது, மனிதர்களுக்கென்று வாங்கி வைத்திருந்த கோவிட் மாத்திரைகளைப் பூனைகளுக்குக் கொடுக்க அந்த அரசே அனுமதித்தது.

இன்னும் இரண்டு உண்டு. 1964-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் கண்டுபிடித்த லுகீமியா வைரஸ் ஒன்று. எச்சில் வழியாக, ஒன்றையொன்று நக்குவதாலும் ஒரே தட்டில் தின்பதாலும் பரவும். 1986-இல் கலிபோர்னியாவில் கண்டுபிடித்த எஃப்.ஐ.வி இன்னொன்று. நம் எச்.ஐ.வி-க்குத் தூரத்து உறவு. சண்டையில் ஆழமாகக் கடிபடும்போது பரவும், அதனால் ஊர் சுற்றும் கடுவன் பூனைகளுக்குத்தான் அதிகம். வட அமெரிக்காவில் இந்த இரண்டும் நூறு பூனைக்கு இரண்டு முதல் ஐந்து வரை இருக்கிறது என்று கணக்கு. நோய்ப்பட்ட பூனைகளில் இன்னும் அதிகம்.

பேத்தி பூனையோடுதான் தூங்குகிறாள், அவளுக்கு வந்துவிடாதா என்று மருமகள் பதறிப்போய்க் கேட்டாள். நீங்களும் கேட்பீர்கள். இதுவரை நான் சொன்ன எதுவும் மனிதருக்கு வராது. ஆனால் வரக்கூடிய ஒன்று இருக்கிறது. ரேபிஸ். நாய்தான் என்று நினைக்காதீர்கள். பூனை கடித்தாலும் ரத்தம் வரும்படி பிறாண்டினாலும் உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதையும் வைக்காதீர்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது.

குட்டிக்கு ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசி. அப்புறம் மூன்று நாலு வாரத்துக்கு ஒரு முறை, பதினாறு வாரம் ஆகும்வரை. பேன்லூக்கோபீனியா, ஹெர்பிஸ், கேலிசி மூன்றுக்கும் ஒரே ஊசிதான். சளி வைரஸ் இரண்டையும் அது முழுதாகத் தடுக்காது, ஆனால் நோயின் கடுமையைக் குறைக்கும். பேன்லூக்கோபீனியாவுக்கு மிக நல்ல பாதுகாப்பு. மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி. மறுபடி எப்போது போடுவது என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டுக் குறித்து வையுங்கள். மொத்தச் செலவு, நான் தீபாவளிக்கு எடுக்கும் ஒரு சேலையின் விலைகூட வராது.

வீட்டில் இந்த நோய் வந்து போயிருந்தால் ஃபினாயிலை நம்பாதீர்கள். இந்த வைரஸ் அதற்குச் சாகாது, பூனைக்கோ ஃபினாயிலே விஷம். டெட்டாலும் அப்படித்தான். துணி துவைக்கும் சாதாரண பிளீச் ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து, முதலில் அழுக்கைக் கழுவிவிட்டு, அப்புறம் இதை ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள். அட்டைப்பெட்டி, சாக்கு எல்லாவற்றையும் எரித்துவிடுங்கள். வீட்டுக்குள் இந்த வைரஸ் ஒரு வருடம்வரைகூட உயிரோடு இருக்கும். துக்கத்தை மறக்க உடனே இன்னொரு குட்டியைக் கொண்டு வராதீர்கள். அதுவும் செத்துப்போகும். தடுப்பூசி போட்டு முடித்த பூனையை மட்டும் கொண்டு வரலாம்.

காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். கால் மாத்திரை கொடு என்று எனக்கும் ஒருவர் சொன்னார். பூனையின் ஈரலால் அதை முறிக்க முடியாது, உயிரே போய்விடும்.

கடைசியாக, முக்கியமானது.

முத்துவுக்கு இரண்டாம் நாள் ஊசி போட்டுவிட்டு வரும் வழியிலேயே பக்கத்து வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா முற்றத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார், உட்காரச் சொல்லவில்லை. அவர் மகன் போனில் என் பதிவைக் காட்டியிருக்கிறான். கீழே நீங்கள் எழுதியதையெல்லாம் வாசித்தும் காட்டியிருக்கிறான். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நோய், தூத்துக்குடிக் குட்டி, ரத்தப் பரிசோதனை, என் தப்பு.

"பாலைக் கொட்டினதுக்கு ரெண்டு வார்த்தை பேசினேன் டீச்சர். பேசுவேன்தான். அதுக்காக விஷம் வைப்பேனா? எலி மருந்தை அரிசி மூட்டைக்குப் பின்னால வச்சு, உங்க பூனை வரும்னு கதவைச் சாத்தியே வச்சிருந்தேன்" என்றார்.

என்னிடம் பதில் இல்லை.

"இங்க வந்து சொல்லிட்டீங்க, சரி. ஊரெல்லாம் படிச்சாச்சே, அதுக்கு என்ன செய்யப்போறீங்க?"

அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்த அம்மா விஷம் வைக்கவில்லை. யாருமே வைக்கவில்லை. தடுப்பூசி போடாதது நான். நோய்க்குட்டியைத் தெரியாமல் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பியது நான். சோதிக்காமல் பழி சொன்னதும் நான்.

என் பழைய பதிவைப் பகிர்ந்தவர்கள் தயவுசெய்து அதை எடுத்துவிட்டு இதைப் பகிருங்கள். அந்தப் பகிர்வுகளுக்குக் கீழே சாபம் எழுதியவர்கள் அதை அழித்துவிடுங்கள். எனக்காகக் கோபப்பட்டீர்கள், தெரியும். அந்தக் கோபத்தை உங்களுக்குக் கொடுத்தது நான்தான்.

அந்த அம்மா இன்னும் என்னோடு பழையபடி பேசவில்லை. நேற்று கறிவேப்பிலை கேட்டு மகனை அனுப்பினார். கொடுத்துவிட்டேன். எங்கள் வீட்டு மரத்தில் நிறைய இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

சுந்தரிக்கு அடுத்த மாதம் கருத்தடை, முத்துவுக்குத் தேறியதும் தடுப்பூசி. இரண்டு தேதியையும் நாள்காட்டியில் சிவப்பு மையால் குறித்துவிட்டேன். உங்கள் வீட்டுப் பூனைக்கு எப்போது போட்டீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஞாபகம் வரவில்லை என்றால், நாளைக்கே கூட்டிக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்